கதாநாயகி ஜெயிச்சா சீரியல் முடிஞ்சிடும்!

அமெரிக்காவுல டிவி பாக்குறவங்களுக்கு செப்டம்பர் கடைசி வாரம்னா ஒரு குட்டித் திருவிழா. ஏபிசி, சிபிஎஸ், என்பிசின்னு பெரிய சேனல்கள் எல்லாம் புதுத் தொடர்களை அப்போதான் இறக்குவாங்க. அதுக்குப் பேரு 'ஃபால் சீசன்'. இலையுதிர் காலத்துல ஆரம்பிச்சு மே மாசம் முடியும். எந்தத் தொடர் தேறும், எது நாலே வாரத்துல மூட்டை கட்டும்னு பத்திரிகைகள் பட்டியல் போடும்.

நம்ம டிவிக்கும் அப்படி ஒரு 'புது சீசன் எப்படி இருக்கு' கட்டுரை எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன். செமஸ்டர் முடிஞ்சு சங்கரன்கோவில் வீட்டுக்கு வந்து மூணு வாரம் ஆச்சு. ரிமோட் ஆச்சி கையில. அதனால சாயங்காலம் ஆறு மணியில இருந்து ராத்திரி பத்து மணி வரைக்கும் என்ன ஓடுதுன்னு கேட்டா தூக்கத்துல கூட சொல்லுவேன். ஆனா எழுத ஆரம்பிச்சதும் ஒரு சந்தேகம். நம்ம டிவியில 'சீசன்'னு ஒண்ணு இருக்கா? இல்லன்னா ஏன் இல்லை? அது இல்லாததால கதையில என்ன ஆகுது? இந்தக் கட்டுரை அதைப் பத்தித்தான்.

நமக்கும் ஒரு அக்டோபர் இருக்கு

தமிழ் டிவியில சீசன் கணக்குல கரெக்டா வர்ற பெரிய நிகழ்ச்சி பிக் பாஸ். முதல் மூணு சீசனும் (2017, 2018, 2019) ஜூன் மாசம்தான் ஆரம்பிச்சுது. 2020-ல கொரோனாவால ஷூட்டிங் எல்லாம் நின்னதுல நாலாவது சீசன் அக்டோபர் 4-க்குத் தள்ளிப் போச்சு. அதுக்கப்புறம் ஜூனுக்குத் திரும்பவே இல்லை. 2021, 2022, 2023, 2024 எல்லாமே அக்டோபர் தொடக்கம்தான். திட்டம் போடாமலே தமிழுக்கு ஒரு 'ஃபால் சீசன்' கிடைச்சாச்சு!

ஏன் திரும்பலைங்கறதுக்கு என்னோட கணிப்பு இது. அக்டோபர்ல ஆரம்பிச்சு நூறு நாள் ஓடினா ஆயுத பூஜை, தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் எல்லாமே உள்ள வந்துடும். ஜவுளிக்கடை, நகைக்கடை, மிக்சி, ஃப்ரிட்ஜ் எல்லாரும் விளம்பரம் கொடுக்குற நேரம் அதுதான். அமெரிக்காவுலயும் கதை இதுக்குப் பக்கத்துல தான். அங்க பழைய காலத்துல புது மாடல் கார் எல்லாம் இலையுதிர் காலத்துலதான் கடைக்கு வரும். கார் கம்பெனிக்காரங்க விளம்பரத்தைக் கொட்டுவாங்க. குளிர் வருதுன்னு ஜனங்களும் வீட்டுக்குள்ள அடைஞ்சிடுவாங்க. சேனல்கள் அந்த நேரத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க.

2024 பிக் பாஸ் எப்படி? ஏழு சீசன் நடத்தின கமல்ஹாசன் இடத்துல எட்டாவது சீசனுக்கு விஜய் சேதுபதி வந்தார். கமல் ஒரு விஷயத்தைச் சுத்தி வளைச்சு வந்து நிப்பார். இவர் நம்ம ஊர் டீக்கடையில கேட்கிற மாதிரி நேரா கேட்டுடறார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்னு வீட்டுக்கு நடுவுல கோடு போட்டது, ஆரம்பிச்ச 24 மணி நேரத்துலயே சாச்சனாவை வெளிய அனுப்பி அப்புறம் திரும்பக் கூட்டிட்டு வந்தது எல்லாம் சூடு கிளப்பத்தான். சண்டையில பாதி எனக்குப் பிடிக்கலை. ஆனா ஒரு விஷயம் பிடிச்சிருக்கு. ஜனவரியில இது முடியும்னு எனக்குத் தெரியும். ஒருத்தர் கையில கோப்பை இருக்கும். நான் டிவியை அணைச்சுட்டு எழுந்துடலாம்.

இப்போ அதே நிம்மதியை ஒரு சீரியல்ல தேடிப் பாருங்க.

கொஞ்சம் கணக்கு போடலாம்

நம்ம சீரியல் ஒரு எபிசோடு அரை மணி நேர ஸ்லாட். ஒரு மணி நேரத்துக்கு 10 நிமிஷம் விளம்பரம், 2 நிமிஷம் சேனலோட சொந்த ப்ரொமோன்னு மொத்தம் 12 நிமிஷம்தான்னு கேபிள் டிவி விதி சொல்லுது. அப்போ அரை மணிக்கு 6 நிமிஷம். டைட்டில், முன்கதை எல்லாம் கழிச்சு கதைக்கு 22 நிமிஷம்னு வெச்சுக்கலாம்.

வாரத்துக்கு 6 எபிசோடு. 6 × 22 = 132 நிமிஷம். அதாவது ஒவ்வொரு வாரமும் ஒரு முழு சினிமா எடுக்கறாங்க! வருஷத்துக்கு 52 வாரம்னா சுமார் 114 மணி நேரம்.

ஹாஸ்டல்ல பாதிப் பேர் மனப்பாடமா வெச்சிருக்கிற 'ஃப்ரெண்ட்ஸ்' பத்து சீசன், 236 எபிசோடு. அதையும் 22 நிமிஷம்னு போட்டா சுமார் 87 மணி நேரம். பத்து வருஷத்துல அவங்க எடுத்ததை விட அதிகமா ஒரே வருஷத்துல நம்ம ஊர் சீரியல் டீம் எடுத்துடுது. சன் டிவியில 2003-ல இருந்து 2009 வரைக்கும் ஓடின 'கோலங்கள்' 1,533 எபிசோடு. அதே கணக்குல பார்த்தா தூங்காம, சாப்பிடாம 23 நாள் பார்க்கணும்.

இந்த வேகத்துல வேலை செய்யும்போது ஸ்டாக் வெச்சுக்க நேரமே கிடையாது. அதனாலதான் ஒரு நடிகர் விலகினா கதையை நிறுத்த முடியாம 'இவருக்குப் பதில் இவர்'னு ஒரு கார்டு போட்டுட்டு அடுத்த சீனுக்குப் போயிடறாங்க. கேலி பண்ணிச் சிரிக்கிறோம். ஆனா ஒரு மெஷின் ஓடிட்டே இருக்கும்போது பார்ட் மாத்துற வேலை அது. திறமை இல்லாம இல்லை. 'நாதஸ்வரம்' சீரியலோட 1000-ஆவது எபிசோடை 2014 மார்ச் 5-ஆம் தேதி காரைக்குடியில ஒரே ஷாட்ல, கட் இல்லாம, 23 நிமிஷம் 25 நொடி எடுத்து கின்னஸ்ல இடம் பிடிச்சாங்க. இந்தத் திறமை எதுக்குப் பயன்படுதுங்கறதுதான் கேள்வி.

ஒரு காலத்துல நமக்கும் சீசன் இருந்துச்சு

இது எனக்கே ஆச்சரியமா இருந்த விஷயம். சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல ஆரம்பிச்சது. தூர்தர்ஷன்ல தொடருக்கு அனுமதி கொடுக்கறதே 13 எபிசோடு கணக்குலதான். வாரத்துக்கு ஒண்ணுன்னா 13 வாரம், அதாவது ஒரு காலாண்டு. நல்லாப் போனா இன்னும் 13. அதனால எழுதுறவருக்கு முதல் நாளே தெரியும், பதிமூணாவது வாரம் கதையை ஒரு கரையில சேர்க்கணும்னு.

தனியார் சேனல் வந்த பிறகும் கொஞ்ச நாள் இந்தப் பழக்கம் இருந்துச்சு. 90-களோட பிற்பாதியில வந்த 'மர்மதேசம்' ஞாபகம் இருக்கா? நம்மள்ல யாருக்கும் இருக்காது, நாம பிறக்கவே இல்லை! ஆனா உங்க அப்பா அம்மாகிட்ட 'விடாது கருப்பு'ன்னு சொல்லிப் பாருங்க, முகம் மாறும். 'விடாது கருப்பு' இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம். மர்மதேசம்ங்கற ஒரே தலைப்புக்குக் கீழ 'ரகசியம்', 'விடாது கருப்பு', 'சொர்ண ரேகை'ன்னு தனித்தனிக் கதைகள். ஒவ்வொண்ணும் முடிஞ்சுது. இன்னைக்கு ஓடிடி-யில இதை 'ஆந்தாலஜி, சீசன்'னு ஸ்டைலா சொல்றோம்.

எப்போ மாறிச்சு? வாரத் தொடர் போய் தினத்தொடர் வந்தப்போ. 1993 ஏப்ரல் 14-ல சன் டிவி வந்தது. 1999-ல ராதிகாவோட 'சித்தி' வந்தது. அந்த நேரம் தெருவுல ஆளே இருக்க மாட்டாங்கன்னு அம்மா இன்னைக்கும் சொல்லுவாங்க. தினமும் ஒரே நேரம், ஒரே முகம். இந்தப் பழக்கத்துக்கு இருக்கிற பலத்தை சேனல்கள் கண்டுபிடிச்சுட்டாங்க. 2006-ல இருந்து தமிழ்நாடு அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேல இலவச கலர் டிவி கொடுத்துச்சு. 2011-ல அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்துச்சு. பக்கத்து வீட்டு ஜன்னல் வழியா பார்த்துட்டு இருந்தவங்க எல்லாம் சொந்த வீட்டு டிவி முன்னாடி உட்கார்ந்தாங்க.

இதுக்கு ஒரு பொருளாதாரமும் இருக்கு. புது சீரியல்னா புது வீடு, புது முகம், புது டைட்டில் பாட்டு, ஊரெல்லாம் ப்ரொமோ. எல்லாம் முன்பணம். ஓடுமான்னு கேரண்டி கிடையாது. ஓடிட்டு இருக்கிற சீரியலுக்கு இன்னொரு எபிசோடு சேர்க்கிற செலவு அதை விட ரொம்பக் கம்மி, பார்க்கிற கூட்டமும் தயாரா இருக்கு. நாம படிச்ச எகனாமிக்ஸ் பேப்பர்ல வர்ற ஃபிக்ஸட் காஸ்ட், மார்ஜினல் காஸ்ட் கதைதான். ஓடுறதை நிறுத்த யாருக்கும் மனசு வராது.

வியாழக்கிழமை ரிசல்ட்

இப்போ நம்ம டிபார்ட்மென்ட் ஆளுங்களுக்குப் பிடிச்ச பகுதி.

டிஆர்பி எப்படி எடுக்கறாங்க? இந்தியாவுல இப்போ இதைச் செய்யறது பார்க் நிறுவனம். 2015-ல இருந்து ரேட்டிங் வெளியிடறாங்க. நாடு முழுக்க 55,000-க்கும் மேற்பட்ட வீடுகள்ல மீட்டர் வெச்சிருக்காங்க. சேனல் ஒளிபரப்பும்போதே சத்தத்துக்குள்ள நம்ம காதுக்குக் கேட்காத ஒரு கோடு கலந்திருக்கும். அதுக்குப் பேரு ஆடியோ வாட்டர்மார்க். டிவி பக்கத்துல இருக்கிற மீட்டர் அதைப் பிடிச்சு எந்தச் சேனல், எத்தனை மணின்னு குறிச்சுக்கும். வீட்டுல ஒவ்வொருத்தருக்கும் ஒரு பட்டன். டிவி முன்னாடி உட்காரும்போது அமுக்கணும், எழுந்தா திரும்ப அமுக்கணும். வாரத்துக்கு ஒரு தடவை, வியாழக்கிழமை ரிசல்ட் வரும். அரியர் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற நம்மள மாதிரியே அன்னைக்கு சேனல் ஆபீஸ்ல எல்லாரும் காத்திருப்பாங்க.

2020 கணக்குப்படி இந்தியாவுல டிவி இருக்கிற வீடுகள் சுமார் 21 கோடி. அதை 55,000-ஆல வகுத்தா 3,800 வீட்டுக்கு ஒரு மீட்டர். எங்க ஊரோட மக்கள்தொகை 2011 கணக்குப்படி அரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. வீட்டுக்கு நாலு பேர்னு வெச்சா 13,000-க்கு மேல வீடு வரும். சும்மா ஒரு தோராயக் கணக்குக்கு எல்லா ஊருக்கும் சமமாப் பிரிச்சா, சங்கரன்கோவிலுக்கு மூணோ நாலோ மீட்டர். ஊரே பார்த்தாலும் பேசுறது அந்த மூணு நாலு வீடுதான். எந்த வீடுன்னு யாருக்கும் தெரியக் கூடாதுங்கறது விதி. 2020-ல மீட்டர் வீட்டுக்காரங்களுக்குக் காசு கொடுத்து சேனலை ஓட விட்டாங்கன்னு மும்பை போலீஸ் வழக்குப் போட்டது ஞாபகம் இருக்கும்.

பார்க் எண்ணுற அலகுக்குப் பேரு 'இம்ப்ரெஷன்'. கேட்டா ஏதோ நம்ம மனசுல பதிஞ்சதை அளக்கிற மாதிரி இருக்குல்ல? அதோட அர்த்தம், சராசரியா ஒரு நிமிஷத்துக்கு எத்தனை பேர் பார்த்தாங்கங்கறது மட்டும்தான். ரசிச்சுப் பார்த்தீங்களா, திட்டிக்கிட்டே பார்த்தீங்களா, டிவி ஓட கீரை ஆஞ்சுட்டு இருந்தீங்களா, மீட்டருக்குத் தெரியாது.

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ்ல படிச்சோமே, ஓப்பன் லூப், க்ளோஸ்டு லூப். அமெரிக்க சீசன் ஒரு பேட்ச் ப்ராசஸ். இருபது சொச்சம் எபிசோடு போகும், ரேட்டிங் பார்ப்பாங்க, அடுத்த வருஷம் தொடரலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுவாங்க. நம்ம சீரியல் க்ளோஸ்டு லூப். வியாழக்கிழமை அவுட்புட் வருது, அடுத்த வாரக் கதைக்கு அது இன்புட் ஆகுது. ஒரு மாமியார் சீனுக்கு ரேட்டிங் ஏறினா அடுத்த வாரம் மாமியார் ரெண்டு மடங்கு கத்துவாங்க. ஏறலைன்னா அந்தக் கேரக்டர் திடீர்னு வெளிநாடு போயிடும். ரேட்டிங் சரிஞ்சா ரெண்டு சீரியல் குடும்பத்தையும் ஒரே கல்யாண மண்டபத்துல சேர்த்து 'மகா சங்கமம்' போட்டுடுவாங்க.

லூப்ல தப்பு இல்லை. ஆனா எந்த லூப்புக்கும் ஒரு செட் பாயிண்ட் வேணும். இங்க செட் பாயிண்ட் 'இந்த வார ரேட்டிங் குறையக் கூடாது'. 'கதை ஒரு இடத்துக்குப் போய்ச் சேரணும்'ங்கறது சிஸ்டத்துல எந்த இடத்துலயும் இல்லை.

அதனால அவ ஜெயிக்க முடியாது

இதோட விளைவு என்னன்னு பாருங்க.

எந்த சீரியலை எடுத்தாலும் ஒரு பொண்ணு. அவளுக்கு ஒரு அநியாயம் நடக்குது. அவ எப்போ நிமிர்ந்து நிப்பான்னு பார்க்கத்தான் ஜனங்க உட்காருறாங்க. அவ ஜெயிச்ச அன்னைக்குக் கதை முடிஞ்சிடும். முடிவே இல்லாம ஓடணும்னா அவ ஜெயிக்கக் கூடாது. முழுசா தோற்கவும் கூடாது, தோத்தா யாரும் பார்க்க மாட்டாங்க. ஜெயிக்கப் போற மாதிரி வந்து, கடைசி நிமிஷத்துல வழுக்கணும். ஒவ்வொரு வாரமும்.

கதாநாயகியை இப்படி அழ வைக்கறது எழுத்தாளரோட கொடூர மனசுன்னு நினைச்சிருந்தேன். முழுக்க அப்படி இல்லை. டிசைன்லயே அது இருக்கு. முடிவு தேதி இல்லாத கதையில அழுகைதான் மிச்சமா கிடைக்கும்.

சமீபத்திய சீரியல்களையே எடுத்துக்கலாம்.

'கயல்' 2021 அக்டோபர் 25-ல ஆரம்பிச்சுது. நாங்க ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்த சமயம். அதாவது எங்க பேட்ச்சும் கயலும் ஒரே செட்! அப்பா இல்லாத குடும்பத்தைத் தோள்ல சுமக்கிற ஒரு நர்ஸ். சைத்ரா ரெட்டி நடிப்புல ஒரு கம்பீரம் இருக்கு, அதை மறுக்க முடியாது. ஆனா நாங்க நாலாம் வருஷம் வந்து பிளேஸ்மென்ட்டுக்கு அலைஞ்ச சமயத்துலயும் கயல் ஒரு குழியில இருந்து ஏறி அடுத்த குழியில இறங்கிட்டு இருந்தா.

'சிறகடிக்க ஆசை' 2023 ஜனவரியில வந்தது. கார் ஓட்டுற முத்து, பூ கட்டி விக்கிற மீனா. மல்லிகை விலையை வெச்சு நாள் நல்லதா கெட்டதான்னு சொல்ற, பூ மார்க்கெட் இருக்கிற ஊர் எங்க ஊர். மீனாவை எங்க தெருவுல எல்லாருக்கும் பிடிக்க அது ஒரு காரணம். அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிற கேலியும் பாசமும் நிஜமாவே நல்லா எழுதப்பட்டிருக்கு. ஆனா கதையோட எஞ்சின் ரோகிணியோட ரகசியம். அவளுக்கு ஏற்கனவே ஒரு மகன் இருக்கான்ங்கறது முதல் ரெண்டு வருஷமும் உடையப் போகுது, உடையப் போகுதுன்னே ஓடுச்சு, உடையலை. ஒரு கெப்பாசிட்டரை சார்ஜ் பண்ணிட்டே இருந்து டிஸ்சார்ஜ் பண்ணவே பயப்படற மாதிரி. ஒரு தடவை டிஸ்சார்ஜ் ஆனா மறுபடி சார்ஜ் பண்ண வேற என்ன இருக்குன்னு பயம்.

'சிங்கப்பெண்ணே' 2023 அக்டோபர்ல வந்தது. கிராமத்துல இருந்து சென்னைக்கு வந்து கார்மென்ட்ஸ் கம்பெனியில வேலை பார்க்கிற ஆனந்தி. தென்மாவட்டத்துல இருந்து எத்தனை பொண்ணுங்க இப்படி மில்லுக்கும் கார்மென்ட்ஸுக்கும் போயிருக்காங்கன்னு நமக்கே தெரியும். ஹாஸ்டல், ஓவர்டைம், வீட்டுக்கு அனுப்புற பணம்னு முதல் சில மாசம் பார்க்கும்போது நம்ம பக்கத்து வீட்டுக் கதை மாதிரியே இருந்துச்சு. அப்புறம் 'யாரு அந்த அழகன்'ங்கற கண்ணாமூச்சி வந்து எல்லாத்தையும் மூடிடுச்சு. சம்பளம், வேலைநேரம் பத்தின கதை நகரணும்னா அது எங்கயாவது போய்ச் சேரணும். காதல் ரகசியத்தை எவ்வளவு வேணும்னாலும் இழுக்கலாம்.

எதிர்நீச்சல் சொல்ற பாடம்

இதையெல்லாம் ஒரே இடத்துல பார்க்கணும்னா 'எதிர்நீச்சல்'.

2022 பிப்ரவரி 7-ல சன் டிவியில ஆரம்பிச்சுது. கோலங்கள் எடுத்த அதே திருச்செல்வம். படிச்ச, திறமையுள்ள நாலு பொண்ணுங்க ஒரே வீட்டுக்கு மருமகளா வந்து, வேலைக்குப் போகக் கூடாது, எதிர்த்துப் பேசக் கூடாதுன்னு அடைபட்டுக் கிடக்காங்க. அடைச்சு வெச்சிருக்கிறவர் ஆதி குணசேகரன். ஜி. மாரிமுத்து நடிச்சார். மாமியார் கொடுமை, விஷம் கலந்த பால் எதுவும் இல்லை. எல்லா வீட்டுலயும் இருக்கிற ஒரு பெரியப்பாவோட அதட்டல் அது. அதனாலதான் ஆம்பளைங்களும் உட்கார்ந்து பார்த்தாங்க. காலேஜ் பசங்க மீம் போட்டாங்க.

லூப் வேலை செஞ்சுது. குணசேகரன் வந்தா ரசிக்கறாங்கன்னு தெரிஞ்சதும் கதை அவர் பக்கம் சாய்ஞ்சுது. யாரை எதிர்த்து அந்த நாலு பேரும் நீந்தணுமோ அவரே ஹீரோ ஆகிட்டார். 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி டப்பிங் பேசிட்டு இருக்கும்போதே மாரிமுத்து மாரடைப்புல இறந்து போனார். எங்க வீட்டுல அன்னைக்கு ஒரு சொந்தக்காரர் போன மாதிரி இருந்துச்சு. எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த இடத்துக்கு வந்தார். நல்ல நடிகர்தான். ஆனா ஒரு ஆளைச் சுத்திக் கட்டின வீட்டுல அந்த ஆளை மாத்தறது தூணை மாத்தற வேலை. 700-க்கும் மேற்பட்ட எபிசோடு ஓடி 2024 ஜூன் 8-ல முடிஞ்சுது.

ஆறு மாசம் கழிச்சு, 2024 டிசம்பர் 23-ல 'எதிர்நீச்சல் தொடர்கிறது'ன்னு திரும்ப வந்துச்சு. ஜனனியா நடிக்கிறவர் மாறியிருக்கார். மத்தபடி அதே குணசேகரன், அதே மருமகள்கள், அதே வீடு. வசனத்துல திருச்செல்வத்தோட கூர்மை அப்படியே இருக்கு. சமையல்கட்டுல நாலு பேரும் சேர்ந்து பேசிச் சிரிக்கிற சீன் எல்லாம் இன்னைக்கும் தமிழ் டிவியில வேற யாரும் எழுத முடியாது. ஆனா ஒரு கேள்வி உறுத்துது. 700 எபிசோடுல நீந்தி வந்தவங்களை மறுபடி அதே தண்ணியில தள்ளினா, முதல்ல நீந்தினதுக்கு என்ன மரியாதை?

'பாகம் 2'ங்கற பேரு இப்போ நிறைய வருது. சித்தி 2 வந்துச்சு, பாண்டியன் ஸ்டோர்ஸ் 2-வும் வந்துச்சு. சீசன்ங்கறதை நாம பேரா எடுத்துக்கிட்டோம், டிசைனா எடுத்துக்கலை.

யாருக்காக இந்தக் கவலை?

"சீரியல் பார்க்கிறவங்களுக்கு வேற வேலை இல்லை"ன்னு சொல்றவங்க எங்க தெருவுக்கு ஒரு நாள் வரணும். சங்கரன்கோவில்ல விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. தார் சுத்துறவங்க, பூ கட்டுறவங்க, தையல் மெஷின் மிதிக்கிறவங்க. இவங்கள்ல நிறைய பேர் சீரியலைப் 'பார்க்கறது' இல்லை, கேட்கறாங்க. கை வேலையில இருக்கும், காது டிவியில இருக்கும். "என்ன மீனா, உங்க அம்மா வீட்டுல இருந்து வந்துட்டியா"ன்னு ஒவ்வொரு வசனத்துலயும் பேரைச் சொல்லிக் கூப்பிடறது ஏன், பின்னணி இசை ஏன் அவ்வளவு சத்தம், நேத்து நடந்ததை ஏன் மூணு தடவை சொல்றாங்கன்னு நாம கிண்டல் பண்றோம்ல? திரையைப் பார்க்க முடியாதவங்களுக்கும் கதை புரியணும். ஒரு வகையில அது படம் போட்ட ரேடியோ.

அந்த அரை மணி நேரம் மட்டும்தான் நாள் முழுக்க அவங்க தங்களுக்குன்னு எடுத்துக்கறது. அதுல தினமும் அவங்க பார்க்கிற பாடம், 'பொறுத்துக்கோ, நாளைக்குப் பார்க்கலாம்'. வருஷக்கணக்குல. என்னை உறுத்தறது இதுதான். கதையில கூட ஒரு பொண்ணு ஜெயிச்சு முடிக்கறதைப் பார்க்காம ஒரு தலைமுறை டிவி பார்த்துட்டு இருக்கு.

இதை ஆச்சிகிட்ட சொன்னேன். "முடிஞ்சு போச்சுன்னா நாளைக்கு ஒம்பதரைக்கு நான் என்னத்தலே பாப்பேன்?"னாங்க. இது சாதாரணக் கேள்வி இல்லை. அவங்களுக்கு வேண்டியது கதை மட்டும் இல்லை, தினமும் வீட்டுக்கு வந்து போற ஒரு துணை. நம்ம பக்கத்துல இருந்து 'சீரியலை ஒழிங்க'ன்னு சொல்றது அந்தத் துணையைப் பிடுங்கற மாதிரி.

ரெண்டும் கிடைக்காதா?

கிடைக்கும். லத்தீன் அமெரிக்காவுல 'டெலிநோவெலா'ன்னு ஒரு வகை இருக்கு. நம்மளுது மாதிரியே தினமும் வரும், அதே குடும்பம், காதல், கண்ணீர். ஆனா பெரும்பாலும் ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள முடிஞ்சிடும். முடியும்னு எல்லாருக்கும் முதல்லயே தெரியும். கடைசி எபிசோடு ஊருக்கே ஒரு விசேஷம். மறுநாள் அல்லது அடுத்த வாரம் அதே நேரத்துல புதுக் கதை. துணையும் தொடருது, கதையும் முடியுது.

தமிழ்லயும் முடியாதது இல்லை. ஓடிடி-யில 'விலங்கு' ஏழு எபிசோடுல முடிஞ்சுது, 'சுழல்' முதல் சீசன் எட்டுல. அதெல்லாம் ஆச்சி கைக்கு எட்டாது, சரி. ஆனா 2024-ல ஹாட்ஸ்டார்ல வந்த 'ஹார்ட் பீட்' டிவி சீரியல் மாதிரியே நீளமா எடுத்து, நூறு எபிசோடுல முதல் சீசனை முடிச்சு வெச்சுது. அதே மாதிரி ஒன்பதரை மணி ஸ்லாட்டுக்கு 150 எபிசோடுன்னு முன்னாடியே சொல்லிட்டு ஒரு கதை வந்தா எப்படி இருக்கும்? வாரத்துக்கு ஆறுன்னா 25 வாரம், ஆறு மாசம் கூட ஆகாது. ஆடித்தபசு முடிஞ்சு ஆரம்பிச்சா பொங்கலுக்குப் பிறகு முடிஞ்சிடும். நடுவுல வியாழக்கிழமை ரிசல்ட் வரட்டும், சின்னச் சின்ன மாத்தம் பண்ணட்டும். செட் பாயிண்ட்ல மட்டும் இன்னொரு வரி சேரணும்: 'இந்தத் தேதிக்குள்ள இவ ஜெயிக்கணும்'.

விளம்பரக்காரங்களுக்கும் நஷ்டம் வராதுன்னுதான் நினைக்கிறேன். பிக் பாஸ் ஃபைனலுக்கு இருக்கிற மவுசைப் பாருங்க. முடிவுங்கறதே ஒரு கூட்டத்தைக் கூட்டும்.

பொங்கல் லீவுக்கு வீட்டுக்குப் போறவங்களுக்கு ஒரே ஒரு ரெக்வெஸ்ட். போனை எடுத்துட்டு மாடிக்குப் போயிடாதீங்க. ஒரு ராத்திரி உங்க ஆச்சி கூடவோ அம்மா கூடவோ உட்காருங்க. "ஏன் இந்தக் கண்றாவியைப் பார்க்கறீங்க"ன்னு கேட்காதீங்க, அந்தக் கேள்வியை அவங்க நிறைய கேட்டாச்சு. "இதுல யாரு ஜெயிக்கணும்னு ஆசைப்படறீங்க? ஜெயிச்சதும் அவ என்ன பண்ணணும்?"னு கேளுங்க. எங்க ஆச்சி கிட்ட கேட்டதுக்கு, மருமகள் நாலு பேரும் சேர்ந்து ஒரு கடை போடணுமாம். எங்க, என்ன கடை, கல்லாவுல யாரு உட்காரணும், யாரைக் கல்லா பக்கமே விடக் கூடாது வரைக்கும் சொன்னாங்க. எந்த சேனலும் இன்னும் எடுக்காத கிளைமாக்ஸ் அது.